டேங்க் ஓடும் பாதையில் பழைய ஊர்கள்

பாபிலோனில் படைவீரர்கள் அடுக்கிவைத்த மணல்மூட்டைகளுக்குள் பானையோடுகளும் எலும்புத் துண்டுகளும் கலந்திருந்தன. மூட்டை நிரப்பத் தூரத்திலிருந்து மணல் கொண்டுவர நேரமில்லை. அதனால் காலடியில் இருந்த மண்ணையே வாரிப் போட்டிருந்தார்கள். அந்த மண், நெபுகாத்நேச்சார் ஆண்ட நகரத்தின் மண்.

2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்த கையோடு, யூப்ரடீஸ் கரையில் இருக்கும் அந்தத் தொல்நகரத்துக்குள் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் நுழைந்தார்கள். ‘கேம்ப் ஆல்ஃபா’ என்று முகாமுக்குப் பெயர் வைத்தார்கள். செப்டம்பரில் அது போலந்து தலைமையிலான பன்னாட்டுப் படையின் கைக்கு மாறியது. 2004 டிசம்பரில் முகாம் காலியாகும் நேரத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் கர்ட்டிஸ் நேரில் போய்ப் பார்த்தார். அடுத்த மாதமே அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதில் கோபமான சொற்கள் அதிகம் இல்லை. எங்கே எத்தனை அடிக்கு வெட்டினார்கள், எதன்மேல் எதைக் கொட்டினார்கள் என்ற கணக்குத்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைகிறது.

ஒரு பதுங்குகுழி மட்டும் 170 மீட்டர் நீளம். அதை வெட்டி மேலே போட்ட மண்ணில், நெபுகாத்நேச்சாரின் பெயர் பொறித்த செங்கல் துண்டுகள் கிடந்தன. ஹெலிகாப்டர் இறங்குவதற்கும் வண்டிகள் நிறுத்துவதற்கும் பெரிய பரப்புகளைச் சமன்படுத்தி ஜல்லி கொட்டியிருந்தார்கள். நகரத்தின் ஊர்வலப் பாதையில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாவிய செங்கற்கள் கனரக வண்டிகளின் கீழ் நொறுங்கியிருந்தன. இஷ்டார் வாயிலின் சுவரில் புடைப்பாக நிற்கும் டிராகன் உருவங்கள் ஒன்பதில் யாரோ செங்கல்லைப் பெயர்க்க முயன்ற தடம் இருந்தது.

இவை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தொல்லிடத்து மண்ணை மூட்டைகளில் நிரப்புவது தவறு என்று தெரிந்த பிறகு, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் மூட்டை கிழிந்தால் அந்த மண்ணும் பாபிலோன் மண்ணோடு கலந்துவிடும். நாளை அகழாய்வு செய்பவருக்கு ஒரு பானையோடு கிடைத்தால் அது இந்த ஊருடையதா, லாரியில் வந்ததா என்று சொல்ல வழியிருக்காது. தொல்லியலில் ஒரு பொருளின் மதிப்பில் பாதிக்கு மேல் அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த மண்ணடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே, எதன் பக்கத்தில் என்பதுதான் சாட்சியம். அடுக்கு கலைந்தபின் பொருள் முழுதாகக் கிடைத்தாலும் சாட்சியம் போய்விடும்.

படை அங்கே தங்கியதால் கொள்ளையர்கள் உள்ளே வரவில்லை என்றும் ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஈராக்கின் தெற்கே காவல் இல்லாத பல தொல்மேடுகளைக் கொள்ளையர்கள் கண்டபடி தோண்டித் தள்ளினார்கள். ஆனால் காவலுக்கு வந்தவர்கள் மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. பாபிலோன் மறைந்துகிடந்த ஊரும் இல்லை. 1899 முதல் 1917 வரை ஜெர்மானியரான ராபர்ட் கோல்டெவே அங்கே அகழ்ந்தார். சதாம் உசேன் தன் பெயர் பொறித்த புதுச் செங்கற்களால் அதன்மேலேயே சுவர் எழுப்பினார். உலகத்துக்கே தெரிந்த அந்த இடம், முகாமுக்கு இடம் தேர்ந்தெடுத்தவர்களின் மேசையில் வெறும் மேட்டுநிலமாக இருந்திருக்கிறது.

ஒரே நிலத்தில் இருவர் கண்

இந்த மோதல் தற்செயலானது அல்ல. ராணுவம் தேடும் நிலமும் பழங்கால மனிதர் தேடிய நிலமும் ஒன்றுதான். உயரமான இடம், பக்கத்தில் தண்ணீர், நாலாபக்கமும் பார்வை எட்டும் வெளி, எதிரி சுலபமாக ஏற முடியாத சரிவு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் கோட்டை கட்டத் தேர்ந்தெடுத்த குன்றை இன்று ஒரு கேப்டன் கண்காணிப்புச் சாவடிக்குத் தேர்ந்தெடுக்கிறார். இருவர் கணக்கும் சரி. ஈராக்கின் ‘ஊர்’ என்ற தொல்நகரத்தின் சிகுராட் கோயில்கூட ஒரு விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள்தான் அகப்பட்டிருந்தது. 2009இல்தான் அந்த இடம் ஈராக்கியர் கைக்குத் திரும்பியது.

போர்க்காலத்தை விடுங்கள். போரில் அவசரம் இருக்கும், உயிர்ப் பயம் இருக்கும். ஆனால் ராணுவத்தின் பெரும்பாலான நாட்கள் பயிற்சியில்தான் கழிகின்றன. குழி தோண்டுவது, டேங்க் ஓட்டுவது, குண்டு வீசிப் பார்ப்பது, புது வீரர்களுக்குக் குடியிருப்பு கட்டுவது. இதெல்லாம் சொந்த நாட்டில், அமைதிக் காலத்தில், ஆண்டு முழுக்க நடக்கிறது. பாதுகாப்பு காரணம் சொல்லி வேலி போட்டுவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. பாபிலோனில் செய்த தவறு பாபிலோனில் தொடங்கியதில்லை. நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் மண்வெட்டியை இறக்குவது பயிற்சிக் களத்தில் படிந்த பழக்கம். அதை மாற்ற வேண்டிய இடமும் பயிற்சிக் களம்தான்.

சாலிஸ்பரி சமவெளி

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடக்கே சாலிஸ்பரி சமவெளி விரிகிறது. பிரிட்டனுக்குள் ராணுவத்தின் மிகப் பெரிய பயிற்சிக் களம் இதுதான், சுமார் 38,000 ஹெக்டேர். 1897இலிருந்து ராணுவம் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கிச் சேர்த்தது. அதற்குள் 2,300 தொல்லிடங்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் 500க்கு மேற்பட்டவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. புதிய கற்கால ஈமமேடுகள், இரும்புக்காலக் குன்றுக்கோட்டைகள், ரோமானியர் காலத்துக் கிராமங்களின் தெருத்தடங்கள், பழைய வயல்வரப்புகள். இவற்றின் நடுவே 60 டன்னுக்கு மேல் எடையுள்ள டேங்குகள் ஓடுகின்றன.

கேட்டதும் பதறத்தான் தோன்றும். ஆனால் இந்தச் சமவெளியின் கதை அவ்வளவு நேரானது அல்ல. தெற்கு இங்கிலாந்தில் மற்ற இடங்களில் இருந்த ஈமமேடுகளை இருபதாம் நூற்றாண்டின் டிராக்டர்கள் உழுது தட்டையாக்கிவிட்டன. ராணுவம் வேலி போட்டதால் சாலிஸ்பரி சமவெளியின் பெரும்பகுதிக்குள் அந்த உழவு நுழையவில்லை. அங்கே ரசாயன உரமும் போடவில்லை. வடமேற்கு ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்புப் புல்வெளிகளில் மிகப் பெரியது இங்கேதான் இருக்கிறது. உழுபடாத அந்தப் புல்லுக்கு அடியில் ஒரு முழு ரோமானியக் கிராமத்தின் அமைப்பை இன்றும் மேடுபள்ளமாகக் கண்ணால் காணலாம்.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். சமவெளியின் நடுவே இம்பர் என்ற ஊர் இருந்தது. 1943 நவம்பரில் ஊராரைக் கூட்டி, 47 நாளில் வெளியேறச் சொன்னார்கள். நார்மண்டி படையெடுப்புக்காகத் தெருச்சண்டை பயிலும் இடமாக அந்த ஊர் மாறியது. போர் முடிந்தும் ஊரைத் திருப்பித் தரவில்லை. 1961இல் பெரிய கிளர்ச்சி நடந்தும் பயனில்லை. புனித கைல்ஸ் தேவாலயம் இன்னும் வேலிக்குள் நிற்கிறது. ஆண்டில் சில நாட்கள் திறக்கிறார்கள். ஈமமேடுகளைக் காத்த அதே வேலிதான் இம்பர்க்காரர்களை வெளியே நிறுத்தியது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

வேலி மட்டும் போதாது என்பதைச் சமவெளியே காட்டிக் கொடுத்தது. அங்கே புல்லுக்கு அடியில் மண் மெல்லிசு. உடனே சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். ஈரத்தில் ஒரு டேங்க் திரும்பினால் அதன் சங்கிலி மண்ணைக் கிழித்துப் பாறைவரை இறங்கும். அடுத்த டேங்க் அதே தடத்தில் போகும். சில வாரங்களில் ஓர் இரும்புக்கால வயல்வரப்பு குறுக்கே அறுபட்டுவிடும். இதைத் தடுக்கச் செய்த வேலைகள் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஆய்வாளர்கள் நடந்தே அளந்து ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பதிந்தார்கள். அந்தப் பெரிய கள ஆய்வு 2002இல் நூலாக வந்தது. தொல்லிடங்களைச் சுற்றிக் கம்பம் நட்டு, தோண்டக் கூடாது என்று பலகை வைத்தார்கள். வண்டிகளுக்குக் கல்பரப்பிய தனிப் பாதை போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு அமைச்சகமே தொல்லியலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. வெளியே நின்று மனு கொடுப்பவர் பேச்சுக்கும், உள்ளே ஒரு மேசை வைத்திருப்பவர் பேச்சுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அரசு அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும்.

அந்தத் தொல்லியலாளர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆஸ்குட். பேரோ கிளம்ப் என்ற வெண்கலக்கால ஈமமேட்டை டேங்குகளைவிட மோசமாகப் பேட்ஜர் என்ற வளைதோண்டும் விலங்கு குடைந்துகொண்டிருந்தது. வளைவாயில் மனித எலும்புகள் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தன. அவசர அகழாய்வு தேவைப்பட்டது. அதே நேரம் ஆப்கானிஸ்தானிலிருந்து ‘தி ரைஃபிள்ஸ்’ படைப்பிரிவின் வீரர்கள் உடலிலும் மனத்திலும் காயத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சார்ஜென்ட் டயர்மெய்ட் வால்ஷும் ஆஸ்குட்டும் சேர்ந்து அந்த வீரர்களை அகழாய்வுக் குழிக்கு அழைத்துவந்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’. 2012இல் அந்த மேட்டில் 27 ஆங்கிலோ-சாக்சன் புதைகுழிகளை அவர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். ஈட்டியோடும் கேடயத்தோடும் புதைக்கப்பட்ட போர்வீரர்களும் அவற்றில் இருந்தார்கள்.

காயம்பட்ட வீரருக்கு இந்த வேலை ஏன் பொருந்தியது என்று யோசித்தால் வியப்பில்லை. நிலத்தைக் கூர்ந்து பார்ப்பது, புதுமண் எது பழைய மண் எது என்று கண்டுபிடிப்பது, குழுவாக வேலை செய்வது என எல்லாம் அவருக்கு ஏற்கெனவே கைவந்தவை. கண்ணிவெடி தேடிப் பழகிய கண் அது. இந்தத் திட்டத்தை நலவாழ்வுத் திட்டமாகப் பாராட்டுகிறவர்கள் பலர். எனக்கு அதன் இன்னொரு பயன் பெரிதாகத் தெரிகிறது. ஒருமுறை தன் கையால் ஒரு மண்டையோட்டிலிருந்து மண்ணைத் துடைத்த வீரர், அடுத்த முறை பதுங்குகுழி வெட்டும்போது மண்ணைப் பார்க்காமல் வெட்டமாட்டார்.

வீடு கட்டத் தோண்டியபோது

ஜெர்மனியிலிருந்து திரும்பும் படைப்பிரிவுகளுக்காகச் சமவெளியின் தெற்கே லார்க்ஹில்லில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்ட முடிவானது. கட்டுமானத்துக்கு முன்பு வெசெக்ஸ் ஆர்க்கியாலஜி நிறுவனம் அந்த இடத்தை ஆராய்ந்தது. அங்கே கிடைத்தது புதிய கற்கால மக்கள் கூடிய வட்டவடிவப் பள்ள வளாகம் ஒன்று. ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சுமார் 700 ஆண்டுகள் மூத்தது.

இன்னொன்றும் கிடைத்தது. முதல் உலகப் போருக்காக வீரர்கள் பயிற்சி எடுத்த பதுங்குகுழிகளும் சுரங்கங்களும் அப்படியே மண்ணுக்கடியில் இருந்தன. சுரங்கச் சுவரின் சுண்ணாம்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தம் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒரு பெயர் ஆஸ்திரேலியப் படையின் லாரன்ஸ் வெதர்ஸ். பிரான்ஸில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். அந்த விருது தனக்குக் கிடைக்கப்போகிறது என்று தெரியும் முன்பே 1918 செப்டம்பரில் காயத்தால் இறந்துபோனவர். அவர் பயிற்சி எடுத்த குழி, நூறு ஆண்டில் தானே தொல்லிடமாகிவிட்டது. குழிகளில் கிடந்த கையெறி குண்டுகளில் பல இன்னும் உயிரோடிருந்ததால் வெடிகுண்டு நிபுணர்கள் உடனிருந்துதான் அகழ வேண்டியிருந்தது.

வீடுகள் கட்டப்பட்டன. அகழாய்வு கட்டுமானத்தை நிறுத்தவில்லை. வரிசையை மாற்றியது, அவ்வளவுதான். முதலில் தொல்லியலாளர், பிறகு பொக்லைன். பொக்லைன் முதலில் வந்திருந்தால் லாரன்ஸ் வெதர்ஸின் கையெழுத்து யாருக்கும் தெரியாமல் ஒரு லாரியில் ஏறிப் போயிருக்கும்.

காஹோலாவே

இப்படி உள்ளிருந்து மாற முடியாத இடங்களும் உண்டு. ஹவாயின் மாவி தீவுக்குப் பக்கத்தில் காஹோலாவே என்ற சிறிய தீவு, சுமார் 116 சதுர கிலோமீட்டர். 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அமெரிக்க ராணுவம் அதைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் விடவில்லை. விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. 1965இல் கப்பல்கள் வெடியதிர்வைத் தாங்குமா என்று பார்க்க, 500 டன் டிஎன்டி வெடிமருந்தைக் கரையில் குவித்து வெடித்தார்கள். அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது காய்ந்த, ஆளில்லாத தீவு. ஹவாய்ப் பழங்குடிகளுக்கு அது மீனவர்கள் படையல் வைத்த சிறு கோயில்களும் பாறைச் செதுக்கல்களும் கொண்ட தீவு. கல்லாயுதம் செய்யப் பாறை வெட்டியெடுத்த பெரிய குவாரியும், நடுக்கடலில் விண்மீன் பார்த்துப் படகு செலுத்தக் கற்ற முனையும் அங்கே இருந்தன. 1976 ஜனவரியில் ஒன்பது பேர் தடையை மீறிப் படகில் போய் இறங்கினார்கள். காஹோலாவே ஓஹானா என்ற அமைப்பு உருவானது. நோவா எம்மெட் அலுலி என்ற மருத்துவரும் தோழர்களும் நீதிமன்றம் போனார்கள். 1977 மார்ச்சில் ஜார்ஜ் ஹெல்ம் என்ற பாடகரும் கிமோ மிட்செலும் அந்தக் கடலில் காணாமல் போனார்கள். அவர்கள் உடல்கள் கிடைக்கவே இல்லை.

அலுலி தொடுத்த வழக்கின் பலனாக அமெரிக்கக் கடற்படை தொல்லியல் கணக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. 1980இல் நீதிமன்றத்தில் உடன்பாடு கையெழுத்தானது. 1981இல் தீவு முழுவதும் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் குண்டு விழுந்தது. தேசமே போற்ற வேண்டிய இடம் என்று ஒரு கையால் எழுதிவிட்டு, மறுகையால் அதே தேசம் குண்டு போட்டது. 1990 அக்டோபரில் அதிபர் புஷ் நிறுத்தச் சொன்ன பிறகுதான் நின்றது. 1994இல் தீவு ஹவாய் மாநிலத்துக்குத் திரும்பியது. வெடிக்காத குண்டுகளை அகற்ற அமெரிக்கக் காங்கிரஸ் 40 கோடி டாலர் ஒதுக்கியது. 2003இல் பணி முடிந்தபோது தீவின் முக்கால்வாசிப் பரப்பில்தான் மேல்மண் சுத்தமாகியிருந்தது. நாலடி ஆழம்வரை சுத்தமானது பத்தில் ஒரு பங்குதான்.

சாலிஸ்பரி கதையைச் சொல்லிவிட்டுக் காஹோலாவேயைச் சொல்லாமல் விட்டால், எல்லாம் நல்ல அதிகாரிகள் கையில் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். பதிவேடு வேண்டும், வரைபடம் வேண்டும். அந்த நிலத்துக்கு உரிமையுள்ள மக்கள் உள்ளே வந்து நிற்கவும் வேண்டும். ஹெல்ம் உயிரோடிருந்த காலத்தில் அந்தத் தீவில் கால்வைப்பதே குற்றமாக இருந்தது.

சீட்டுக்கட்டு

பாபிலோன் செய்தி வந்தபோது நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் ராணுவத் தளத்தில் தொல்லியலாளராக இருந்தவர் லாரி ரஷ். வெளியூரில் தம் படை செய்ததை உள்ளூரிலேயே தடுத்திருக்கலாம் என்று எண்ணியவர் அவர். பயிற்சிக் களத்தில் போலியான தொல்லிடங்களையும் ஒரு போலி இஸ்லாமியக் கல்லறைத் தோட்டத்தையும் கட்டச் செய்தார். பயிற்சியில் வீரர் அவற்றைச் சுற்றிப் போகப் பழக வேண்டும். 2007இல் சீட்டுக்கட்டு வந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தொல்லிடத்தின் அல்லது தொல்பொருளின் படமும் ஒரு வரி அறிவுரையும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த படைகளுக்கு ஆயிரக்கணக்கான கட்டுகள் போயின. நூறு பக்க வழிகாட்டி நூலை வீரர் படிக்கமாட்டார். ஆனால் முகாமில் மணிக்கணக்காகச் சீட்டாடுவார். வீரரின் நாளைத் தெரிந்தவர் செய்த வேலை அது.

ஃபோர்ட் டிரம்மில் இன்னொரு முறையையும் கையாண்டார்கள். 1941இல் தளம் விரிந்தபோது காலியான ஸ்டெர்லிங்வில் கிராமத்தின் அடித்தளங்கள் மண்ணுக்கடியில் இருக்கின்றன. அதன்மேல் விரிப்புத் துணி போட்டு, மணலும் ஜல்லியும் பரப்பி, வண்டிகள் நிற்கத் தோதாக்கினார்கள். கீழே கிராமம் கெடாமல் இருக்கிறது, மேலே பயிற்சி நடக்கிறது. பாபிலோனிலும் ஜல்லிதான் கொட்டினார்கள். அங்கே அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, துணி விரித்து, பதிந்துவைத்துக் கொட்டவில்லை.

நம் பக்கம்

1954இல் ஹேக் நகரில் எழுதப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஒப்பந்தம், அமைதிக் காலத்திலேயே ராணுவ விதிகளில் இந்தப் பாதுகாப்பைச் சேர்க்கவும், படைக்குள்ளேயே இதற்கென ஆட்களை வைக்கவும் சொல்கிறது. அமெரிக்கா அதில் சேர்ந்தது 2009இல், பிரிட்டன் 2017இல். இந்தியா 1958இலேயே சேர்ந்துவிட்டது.

நமக்கும் அனுபவம் இருக்கிறது. 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் படை டெல்லி செங்கோட்டைக்குள் புகுந்து, அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைக்குடியிருப்பு கட்டியது. சுதந்திர இந்தியாவின் ராணுவமும் 2003 டிசம்பர்வரை அங்கே இருந்தது. அது காலிசெய்து தொல்லியல் துறையிடம் ஒப்படைத்த பிறகே, 2007இல் செங்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இன்றும் ராணுவமும் தலைமைச் செயலகமும் தொல்லியல் துறையும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இப்படிப்பட்ட இடங்களில்தான் கண்டிப்பாகச் செல்லுபடியாக வேண்டும்.

கோட்டைகளைவிட எனக்குக் கவலை வெட்டவெளிகள்தான். துப்பாக்கிச் சூடு, பீரங்கிப் பயிற்சிக்கு நிலம் ஒதுக்க இன்றும் பயன்படுவது 1938ஆம் ஆண்டின் பயிற்சிக்களச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமானாலும் அதில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது: வழிபாட்டிடங்கள், இறந்தோரை அடக்கும் இடங்கள், பழஞ்சின்னங்கள் ஆகியவற்றில் நுழையவோ கைவைக்கவோ அது அனுமதி தரவில்லை. ஆனால் ஒரு பெருங்கற்கால ஈமக்காடு பார்வைக்குச் சின்னமாகத் தெரியாது. முட்புதருக்குள் பாதி புதைந்த நாலு கற்கள்தான் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனையோ கல்வட்டங்களைச் சாலைக்கும் வீட்டுமனைக்கும் பெயர்த்தவர்கள் கண்ணுக்கும் அவை அப்படித்தான் தெரிந்தன. யாராவது நடந்து பார்த்துக் குறித்து வைத்தால்தான் சட்டத்தின் அந்தப் பிரிவுக்கு வேலை.

நாட்டின் ஒவ்வொரு பயிற்சிக் களத்துக்குள்ளும் எத்தனை தொல்லிடங்கள் பதிவாகியுள்ளன, எந்த ஆண்டு கணக்கெடுத்தார்கள், தொல்லியல் துறையின் எந்த அலுவலருக்கு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி உண்டு, புதுக் குடியிருப்புக்கு நிலம் சமன்படுத்தும் முன் யாருடைய கையெழுத்து வேண்டும்? இவை ராணுவ ரகசியங்கள் அல்ல. சாலிஸ்பரியின் ஈமமேடுகள் அச்சிட்ட நூலிலேயே இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர் ஒருவர் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள் இவை. அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கலாம்.